முகமில்லாத லைசன்ஸ்

1

லண்டனில் இருந்து கிளாஸ்கோவுக்கு விமானத்தில் போக ஒன்றேகால் மணி நேரம். ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், இது வெளிநாட்டுப் பயணம் இல்லை. கொழும்பில் ஏறிப் பலாலியில் இறங்குவதுபோல உள்ளூர்ப் பயணம். பாஸ்போர்ட் கட்டாயமில்லை, படம் போட்ட ஓர் அடையாளம் காட்டினால் ஏற்றிவிடுவார்கள். அநேகம் பேர் டிரைவிங் லைசன்ஸைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். போன மாதம் நானும் என் லைசன்ஸைக் காட்டினேன்.

விமான வாசலில் நின்ற பெண்ணுக்கு என் மகளின் வயது இருக்கும். நான் நீட்டிய பச்சைத் தாளை வாங்கி மடிப்பு மடிப்பாக விரித்தாள். முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள். மடிப்புகளில் நான் ஒட்டியிருந்த டேப் மஞ்சளாகிப் போயிருந்தது. படம் எங்கே என்று கேட்டாள். படம் இல்லை, அந்தக் காலத்தில் இப்படித்தான் தந்தார்கள், எழுபது வயது வரைக்கும் இது செல்லும் என்று சொன்னேன். வாகனம் ஓட்டச் செல்லும், விமானம் ஏறச் செல்லாது என்று அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். பிறகு பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டு அதைக் காட்டினாள். அவனும் இப்படி ஒன்றை முதல் தடவையாகப் பார்க்கிறான் போல. இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

என் மனைவி றஞ்சி எனக்கு முன்னால் தன்னுடைய மட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போயிருந்தாள். படம் போட்ட பிளாஸ்டிக் லைசன்ஸை எங்கள் வீட்டில் மட்டை என்றுதான் சொல்வோம். நான் வரவில்லை என்று கண்டு திரும்பி வந்தாள்.

"என்னப்பா, என்ன பிரச்சினை?"

"படம் இல்லையாம்."

அவள் அந்தப் பெண்ணின் கையில் இருந்த தாளைப் பார்த்தாள்.

"மட்டை எடுத்தாச்சு எண்டு ரெண்டு வருசத்துக்கு முன்னம் எனக்குச் சொன்னியளே."

"சொன்னனான்."

"பாஸ்போர்ட்?"

"வீட்டை கிடக்கு."

பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். தூக்கியிருந்தால், மட்டை இருக்க இது என்னத்துக்கு என்று றஞ்சி கேட்டிருப்பாள். தாளும் லைசன்ஸ்தானே, எப்படியும் ஏற்றுவார்கள் என்று நான் என் பொய்யை நம்பிப் புறப்பட்டுவிட்டேன். எங்களுக்குப் பின்னால் நின்ற சனம் நெளியத் தொடங்கியது.

"நான் போறன்," என்றாள் றஞ்சி. "நாளைக்குப் பிள்ளைக்கு டிரைவிங் சோதினை. ரெண்டு பேரும் வராமல் விட்டால் சரியில்லை."

அவள் போய்விட்டாள். நான் பஸ் பிடித்து, ரயில் பிடித்து, வெளிக்கிடும்போது மூடிய வீட்டுக் கதவைப் பிளேஸ்டோவில் மத்தியானமே திரும்பவும் திறந்தேன்.

2

அந்தத் தாளை மட்டையாக மாற்றாமல் இத்தனை வருடம் வைத்திருந்த காரணத்தை அன்று வரை ஒருவருக்கும் சொன்னதில்லை. நான் இந்த நாட்டில் டிரைவிங் டெஸ்ட் செய்தவன் இல்லை. என் பெயரில் டெஸ்ட் செய்தது செல்வா அண்ணை.

செல்வா அண்ணை எனக்குச் சொந்தமில்லை. பாரிஸில் சில வருடங்கள் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர், வாகனம் ஓட்டுவதில் கெட்டிக்காரர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து இருந்த வீட்டுக்கு அவர்தான் மூத்தவர். அப்போது எனக்கு ஒரு வான் ஓட்டும் வேலை சரிவந்தது. தமிழ்க் கடைகளுக்கு அரிசியும் மாவும் கொண்டுபோய் இறக்க வேண்டும். லைசன்ஸோடு வா என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் ஊரில் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டாதவன். எட்டு டிரைவிங் வகுப்பு எடுத்திருந்தேன், ஆனால் வாகனங்கள் சுற்றிப் போகும் ரவுண்டபவுட்டைக் கண்டால் நின்றுவிடுவேன்.

அந்தக் காலத்தில் பழகுகிறவர்களுக்குக் கொடுக்கும் லைசன்ஸிலும் படம் இல்லை. டெஸ்டுக்குப் போன இடத்தில் கையெழுத்து வைக்கச் சொல்வார்கள். தாளில் உள்ள கையெழுத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். தாள் தபாலில் வந்த அன்று நான் கையெழுத்து வைக்கப் பேனையை எடுத்தேன். செல்வா அண்ணை என் கையைப் பிடித்தார். 

"நீ வைக்காதை, நான் வைக்கிறன். நான் சோதினைக்குப் போகேக்கை ஒத்து வர வேணுமெல்லே."

என் பெயரைச் சாய்த்து எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்தார். சில கிழமைகளில் பாஸ் பண்ணிய காகிதத் துண்டோடு வந்து நின்றார். அன்றைக்கு வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி. அவர் செய்தது குற்றம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உதவி என்றுதான் சொன்னோம். அதற்குப் பிறகு ஞாயிறு காலைகளில் பெக்டன் பக்கம் ஆளில்லாத தொழிற்சாலைத் தெருக்களில் வைத்து எனக்கு ஓட்டப் பழக்கினார். ஊர் உலகத்தில் ஓட்டப் பழகி லைசன்ஸ் எடுப்பார்கள், நான் லைசன்ஸ் எடுத்துவிட்டு ஓட்டப் பழகினேன்.

முழு லைசன்ஸ் வந்தபோது அதிலும் அதே கையெழுத்து இருக்க வேண்டும் என்பதால், ஒரு கிழமை பழைய பேப்பர்களில் எழுதி எழுதி அதைப் பாடமாக்கினேன். பிறகு வங்கியில் அதுதான், வீட்டுப் பத்திரத்தில் அதுதான், பிரஜாவுரிமை எடுத்தபோது அதுதான், மகளின் பிறப்பைப் பதிந்தபோதும் அதுதான். இன்றைக்கு எனக்கு வேறு கையெழுத்துத் தெரியாது.

ஊரில் இருந்த கடைசி வருடங்களில் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். துவக்கோடு நிற்பவன் படத்தைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான், திரும்பவும் படத்தைப் பார்ப்பான். அப்படி ஒரு இடத்தில் இருந்து வந்தவனுக்கு முகமே கேட்காத ஒரு தாள் கிடைத்தது பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை வைத்து நான் செய்த காரியத்தை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சில வருடங்களில் மட்டை வந்தது. தாள் வைத்திருப்பவர்கள் மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை, வீடு மாறினால் மட்டும் மாற்ற வேண்டும். மட்டையில் முகமும் இருக்கும், கையெழுத்தும் இருக்கும். செல்வா அண்ணையின் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் முகம் அச்சாகி வரும். லைசன்ஸ் கந்தோர் இருக்கும் ஸ்வான்சியில் அதை அச்சடிக்கிற அதிகாரி படத்தைக் கண்டு, டெஸ்ட் செய்தது இவன் இல்லையே என்று எழும்பிவிடுவார் என்றெல்லாம் முதலில் விசர்த்தனமாகப் பயந்தேன். பயம் காலப்போக்கில் போய்விட்டது. வெட்கம் போகவில்லை.

மனோர் பார்க்கில் பின்னால் தோட்டம் வைத்த வீடு ஒன்றை றஞ்சி பார்த்து ஆசைப்பட்டாள். வேலைக்குத் தூரம், பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும் என்று நான் ஏதேதோ சொல்லித் தட்டிவிட்டேன். பாதிக் காரணம் அந்தத் தாள்தான். அவள் இன்றைக்கும் பிளேஸ்டோவில் சீமெந்து போட்ட முற்றத்தில் பெயின்ட் வாளிகளில் மிளகாய்க் கன்று வைத்துக்கொண்டிருக்கிறாள்.

3

எங்களுக்கு ஒரே பிள்ளை, துளசி. இருபத்தாறு வயது. பிசியோதெரபி படித்துவிட்டு, கிளாஸ்கோவுக்கு வெளியே உள்ள கிராமங்களில் நடக்க முடியாத முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையில் சேர்ந்திருக்கிறாள். பஸ் வராத இடங்கள். இந்தக் கோடை முடிவதற்குள் லைசன்ஸ் எடுத்தால்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். நான் சொல்லும் இந்தச் சம்பவத்துக்கு முன் மூன்று தரம் பெயில் விட்டிருந்தாள்.

துளசிக்குத் தமிழ் விளங்கும். பதில் ஆங்கிலத்தில் வரும், அதில் அப்பா, அம்மா என்ற இரண்டு சொல் மட்டும் தமிழாக இருக்கும். சின்ன வயதில் அப்படி இல்லை. எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது. நான் ஷிப்டில் நின்ற காலமாக இருக்க வேண்டும்.

எங்கள் ஆட்கள் கூடுகிற இடத்தில் எனக்கென்று ஒரு கதை உண்டு. றஞ்சி நாலாவது தரத்தில்தான் டெஸ்ட் பாஸ் பண்ணினாள், நான் ஒரே தரத்தில். "இவ பாஸ் பண்ணின அண்டைக்கே டெஸ்டர் பென்ஷன் எடுத்திட்டார்," என்று சொல்வேன். எத்தனையோ பிறந்தநாள்களில் சொல்லியிருக்கிறேன். சபை சிரிக்கும். றஞ்சியும் தட்டில் வடை வைத்துக்கொண்டே சிரிப்பாள். நான் அந்தக் கதையைச் சொல்லும்போது எனக்குள் ஒரு துளி கூச்சம் இருக்கவில்லை, அதுதான் இப்போது எழுதக் கை கூசுகிறது. பொய்யைச் சொல்லிச் சொல்லி நானே பாஸ் பண்ணியதாக நம்பியிருந்தேன்.

மூன்றாம் தரம் பெயில் விட்ட அன்று துளசி நேரே எனக்குத்தான் போன் எடுத்தாள். உற்சாகப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு நான் சொன்னது இதுதான்:

"அம்மாவைப் போலை வந்திட்டாய். நான் ஒரே தரத்திலை எடுத்தனான், தெரியுந்தானே? உனக்குக் கவனம் காணாது பிள்ளை."

"ஓகே அப்பா," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நாலு மாதம் என் போனுக்கு அவள் அழைப்பு வரவில்லை. றஞ்சியின் போனை நான் எடுத்தால், அம்மா இருக்கிறாவா என்று மட்டும் கேட்பாள். நாலாவது டெஸ்டுக்குத் தாயைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னாள். றஞ்சி கெஞ்சிக் கேட்டபிறகு, சரி, அப்பாவும் வரட்டும் என்று சொன்னாள். விமான வாசலில் நான் தவறவிட்டது அதைத்தான்.

4

மறுநாள் காலை பத்தரைக்கு றஞ்சி போன் எடுத்தாள்.

"இந்தமுறையும் பாஸ் இல்லை. நான் ஒரு கிழமை நிண்டிட்டு வாறன். சாப்பாடு பிரிட்ஜுக்குள்ளை கிடக்கு."

"என்னைக் கேட்டவளோ?"

"ஏன் வரேல்லை எண்டு கேட்டவள். படம் இல்லையாம் எண்டு சொன்னன்."

அன்று பின்னேரம் துளசியிடம் இருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் மெசேஜ். மட்டையை எடுங்கள் அப்பா, ஐந்து நிமிட வேலை, அடுத்த முறையாவது வரலாம் என்று எழுதியிருந்தாள். கோபமே இல்லாமல் எழுதியிருந்தாள். வாசிக்க அதுதான் கஷ்டமாக இருந்தது.

தபால் கந்தோரில் படிவம் எடுத்தேன். ரயில் நிலையத்துப் பெட்டிக்குள் இருந்து படமும் எடுத்தேன். எல்லாவற்றையும் குசினி மேசையில் பரப்பி, பெயர், பிறந்த திகதி, விலாசம் எல்லாம் நிரப்பினேன். கையெழுத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி, கோட்டில் முட்டாமல் உள்ளே வைக்க வேண்டும். அங்கே பேனை நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் நான் வைத்த கையெழுத்து எப்படி இருந்தது என்று வேறொரு தாளில் முயன்று பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. எதை எழுதினாலும் கை கடைசியில் அடியில் கோடு இழுத்தது.

மூன்று நாள் அந்தப் படிவம் மேசையிலேயே கிடந்தது. நாலாம் நாள் செல்வா அண்ணையைப் பார்க்க லூயிஷாம் போனேன். அவர் தன் கடையை மகனிடம் விட்டுவிட்டு, முழங்கால் ஒப்பரேஷன் செய்த காலை ஸ்டூலில் நீட்டியபடி கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி வந்தது. நான் விஷயத்துக்கு வந்தேன்.

"அண்ணை, என்ரை லைசன்ஸை மட்டையா மாத்தட்டோ விடட்டோ எண்டு யோசிக்கிறன்."

"அதிலை யோசிக்க என்ன கிடக்கு?"

"நீங்களெல்லே எடுத்துத் தந்தது."

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"உனக்கும் நானே எடுத்தனான்?"

முப்பது வருடமாக நான் சுமந்த சங்கதி அவருக்கு நினைவில்லை. பதினொரு பேருக்கு எடுத்துக் கொடுத்ததாகச் சொல்லி விரல் விட்டு எண்ணினார். ஒன்பதாவது விரலில் என்னைப் பிடித்தார்.

"ஓமோம், வந்திட்டுது. உன்ரை முதல் தரம் பெயிலெல்லே."

"பெயிலோ?"

"பின்னை? ரிவேர்ஸ் எடுக்கேக்கை நடைபாதையிலை ஏத்திப்போட்டன். டெஸ்டருக்குச் சுகமில்லை, திகதி மாத்திப்போட்டாங்கள் எண்டு உனக்குச் சொன்னன். நீ வேலை போயிடுமெண்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிஞ்சனி. ஏன் சொல்லுவான் எண்டு விட்டிட்டன். ரெண்டாம் தரந்தான் பாஸ்."

அவர் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். ஸ்வான்சியில் இருக்கும் கணக்கிலும் நான் ஒரே தரத்தில் பாஸ் பண்ணியவன் இல்லை. என் பொய்யாவது உண்மையாக இருக்கும் என்று நம்பியிருந்தேன்.

"மட்டையை எடடாப்பா," என்றார் நான் வெளியே வரும்போது. "ஆர் இனிக் கேக்கப்போறாங்கள்? முப்பது வருசம் ஒரு பிழை இல்லாமல் ஓடினனி."

அவர் என்னைத் தேற்றத்தான் சொன்னார். ஆனால் எனக்குப் பயம் ஸ்வான்சியைப் பற்றி இல்லை என்று அவர் வீட்டுப் படிகளில் இறங்கும்போது விளங்கிவிட்டது. துளசியிடம் சொல்லாமல் அந்தப் பெட்டிக்குள் என்னால் கையெழுத்து வைக்க ஏலாது.

5

அன்று பின்னேரமே றஞ்சிக்குப் போன் எடுத்தேன்.

"ஸ்பீக்கரிலை போடு. ரெண்டு பேரும் கேக்க வேணும்."

தமிழில் சொன்னேன். துளசிக்கு விளங்காமல் போய்விடக் கூடாது என்று ஆங்கிலத்திலும் சொன்னேன். தமிழில் சொல்லும்போது செல்வா அண்ணை உதவி செய்தார் என்றுதான் வாயில் வந்தது. ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல்லைப் போட முடியவில்லை. மோசடி என்றே சொன்னேன். முதல் தரம் பெயில் விட்ட கதையையும் சொன்னேன்.

முதலில் பேசியது றஞ்சி.

"அப்ப என்னை ஏன் அவ்வளவு சனத்துக்கு முன்னாலை வைச்சுச் சிரிச்சியள்?"

அவள் குரல் உயரவில்லை. பிழைதான் என்றேன். அவள் எழும்பிப் போன சத்தம் கேட்டது.

துளசி மட்டும் இருந்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"அப்பா, நான் நாலு தரமும் ஏன் பெயில் என்று உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. நான் ஒருநாளும் கேட்டதில்லை. கவனம் காணாது என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

"நாலு தரமும் ஒரே காரணம். தயக்கம். போக இடம் இருக்கும்போதும் போகாமல் நிற்கிறேனாம். ரவுண்டபவுட்டில், சந்தியில், எல்லா இடத்திலும். பின்னால் வாகனங்கள் வரிசையாக நிற்குமாம்."

"ஏன் பிள்ளை நிக்கிறாய்?"

"முதன்முதல் என்னைப் பழக்கியது நீங்கள்தானே."

பிறகு அவள் தமிழில் சொன்னாள். என் குரலை அப்படியே எடுத்துச் சொன்னாள்.

"பொறு, பொறு. அவன் போகட்டும். பொறு."

அவளுக்குப் பதினெட்டு வயதில் சனிக்கிழமைகளில் பக்கத்து சீற்றில் இருந்து நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைவிட வேறு எதையாவது சொல்லிக் கொடுத்தேனா என்று யோசித்துப் பார்த்தேன், வரவில்லை.

"நீங்கள் சரியான கவனமான டிரைவர் என்று நினைத்திருந்தேன்," என்றாள் துளசி. "பயத்திலா அப்பா சொன்னீங்கள்?"

"ஓம் பிள்ளை. எனக்கு இண்டைக்கும் பயந்தான்."

யோசிக்க வேண்டும், வைக்கிறேன் என்றாள் துளசி. வைத்துவிட்டாள்.

6

படிவத்தை நான் அனுப்பவில்லை. கிழித்துப் போட்டேன். ஒரு பிடிவாதத்தில், நானே ஒருமுறை டெஸ்ட் செய்து பார்க்கலாம் என்று பதியப் போனேன். முழு லைசன்ஸ் வைத்திருக்கிறவர் டெஸ்டுக்குப் பதிய முடியாது என்று கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. அதனால் இப்போதைக்குக் கார்ச் சாவி றஞ்சியின் கையில். கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் அவள் ஓட்டுகிறாள். எங்கள் சனம் ஏன் என்று கேட்டால் நான் காரணத்தைச் சொல்கிறேன். சிலர் இதெல்லாம் ஒரு கதையா என்று சிரிக்கிறார்கள். இரண்டு பேர் சிரிக்காமல் வேறு பக்கம் பார்த்தார்கள். றஞ்சி என்னோடு பேசுகிறாள், ஆனால் அளந்துதான் பேசுகிறாள்.

பிரயாணத்துக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது. அதிலும் அந்தக் கையெழுத்துத்தான், அதற்கு இனி ஒன்றும் செய்ய ஏலாது. ஆனால் நான் செய்யாத சோதனைக்குப் பக்கத்தில் என் முகத்தைப் புதிதாக ஒட்ட எனக்கு மனமில்லை.

மூன்று கிழமை கழித்துத் துளசி என் போனுக்கு எடுத்தாள். ஐந்தாம் தரத்துக்குப் பதிந்துவிட்டாளாம். அம்மா வந்து பக்கத்தில் இருந்து பழக்க வேண்டுமாம். பிறகு தமிழில் சொன்னாள். 

"நீங்களும் வாங்கோ அப்பா. ஆனால் பின்னால இருக்கோணும். ஒண்டும் சொல்லக் கூடாது."

போனேன். கிளாஸ்கோவில் மழை தூறிக்கொண்டிருந்தது. துளசி தன் சின்னக் காரை ஓட்ட, றஞ்சி பக்கத்தில் இருந்தாள். நான் பின் சீற்றில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு முழங்காலை மடக்கி இருந்தேன். ஊருக்கு வெளியே ஒரு பெரிய ரவுண்டபவுட் வந்தது. வலப்பக்கம் தூரத்தில் ஒரு லொறி வந்துகொண்டிருந்தது. கார் வேகம் குறைந்து, கோட்டில் நின்றது. லொறி இன்னும் தூரத்தில்தான். போகலாம்.

"போகலாம் பிள்ளை," என்றாள் றஞ்சி.

துளசி போனாள். சுற்றி, வெளியேறி, நேர் ரோட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.